கடைசிக் கிணற்றின் வரைபடம்

1

இன்று காலை பத்தரை மணிக்குத் தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே அரசாங்க முத்திரை, கீழே என் பெயர். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டேன். உள்ளே மடித்த தாள் இருப்பது தெரிகிறது, எழுத்துத் தெரியவில்லை. அப்பா வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா ஒரு தனியார் கிளினிக்கில் டிரஸர். புண்ணுக்குக் கட்டுப்போட்டு, ஊசி குத்தி, மருந்து கலந்து கொடுப்பவர். சனிக்கிழமைகளில் நான்கு மணிக்கு வருவார். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த மாதத்தோடு நான் மலாக்காவுக்கு வந்து பதினோரு ஆண்டு. திருச்சி பாலக்கரையில் வாழ்ந்ததும் பதினோரு ஆண்டு. தராசு இப்போது நேராக நிற்கிறது. நாளை முதல் ஒரு பக்கம் மட்டும்தான் எடை ஏறும்.

ஆனால் என் அடையாள அட்டை இன்னும் சிவப்பு. இந்த நாட்டில் குடிமக்களுக்கு நீல அட்டை, தங்கியிருக்க அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. பள்ளித் தவணை தொடங்குவதற்குள் நீல அட்டையைக் காட்டாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். என் தம்பி ரவிக்கு இந்தக் கவலையே கிடையாது. சுதந்திரக் கொடி ஏறிய மறு ஆண்டு இங்கே பிறந்தவன், பிறக்கும்போதே குடிமகன். மலாயிலும் ஆங்கிலத்திலும் சண்டை போடுவான். தமிழில் தன் பெயரை எழுதச் சொன்னால் பென்சிலைக் கடிப்பான். பாலக்கரை எங்கே இருக்கிறது என்று கேட்டால், "அக்காவோட ஊர்ல" என்கிறான். அவன் அக்கா இருப்பது அவன் இருக்கிற அதே வீட்டில்தான்.

எனக்கு வந்த சங்கடத்துக்குக் காரணம் அதிகாரிகள் அல்லர். ஒரு தொலைக்காட்சித் தொடரும் என் அதிகப்பிரசங்கித்தனமும்தான்.

2

உங்களில் பெரும்பாலோர் தொலைக்காட்சியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ரேடியோப் பெட்டிக்குக் கண் முளைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காஜா பெராங்கில் நாங்கள் இருக்கும் பக்கத்தில் முதல் பெட்டி வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அது தெய்வானை வீட்டில் வந்து இறங்கியது.

தெய்வானை என் வயதுக்காரி, மலாக்கா செட்டிக் குடும்பம். எத்தனையோ தலைமுறைக்கு முன் வணிகத்துக்கு வந்த நம்மவர்களின் வழி. பெயர் தெய்வானை, வீட்டு முன்கூடத்தில் சாமி மாடம், பொங்கலுக்குப் பானை. தமிழ் மட்டும் பேச வராது. வீட்டில் அவர்கள் பேசுவது ஒரு தனி மலாய், அதில் அங்கங்கே நம் சொல் ஒன்று கல்லுப்பு மாதிரி அகப்படும். நான் மலாய் பழகியது அவளிடம்தான். இந்தக் குறிப்பில் அவள் பேசுவதையெல்லாம் தமிழாக்கித் தருகிறேன். அவள் கேட்டால், "நான் இவ்வளவு மரியாதையாவா பேசினேன்" என்பாள்.

சனிக்கிழமை ஏழரை மணிக்கு அந்தத் தொடர். அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் 'கடைசிக் கிணற்றின் காவலன்' என்று வரும். நட்சத்திரங்களுக்கு நடுவே மழையே பெய்யாத ஒரு கோள். அங்கே குடியேறியவர்கள் தொப்பி வைத்து, இடுப்பில் துப்பாக்கி தொங்கவிட்டு, மூச்சுவிட்டால் நீராவி கக்கும் இரும்புக் குதிரைகளில் போகிறார்கள். இருப்பது ஒரே ஒரு கிணறு. அதைக் காப்பவர் மார்ஷல் ப்ரிக்ஸ். வானத்திலிருந்து படகுகளில் இறங்கும் தண்ணீர்க் கொள்ளையர்கள் அந்தக் கிணற்றைப் பிடிக்க வருகிறார்கள். கௌபாய்ப் படமும் ராக்கெட்டும் ஒரே இலையில். முதல் வாரம் தெய்வானை வீட்டுக் கூடத்தில் ஏழு பேர். மூன்றாம் வாரம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே நின்றது.

3

ஒரு தடவைதான் காட்டுவார்கள். ஆங்கிலம் வேகமாக ஓடும். சன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்குப் பாதி கேட்காது. முடிந்ததும் வீட்டு வரிசைக்கு முன்னால் கூரை போட்டு ஓடும் அஞ்சடிப் பாதையில் நின்று கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தெய்வானை மலாயில் சொல்வாள். குடைக்கடை யூசுப்பும் நானும் தமிழில்.

கதை சொல்வதில் எனக்குப் பாலக்கரைப் பாடம் உண்டு. என் பெரியம்மா மகள் வசந்தி அக்காவுக்கு மட்டும்தான் மதியக் காட்சிக்குக் காசு கிடைக்கும். பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லும்போது படத்தைத் திருச்சியில் ஓட்டுவாள். கதாநாயகி மலைக்கோட்டைப் படியில் ஓடுவாள். வில்லன் பங்களா பொன்மலை ரயில்வே அதிகாரி வீடு. கேட்கிற பிள்ளைகளின் வீடெல்லாம் கதையில் வரும். யாருக்கும் குழப்பமே வராது.

அதையே இங்கே செய்தேன். கடைசிக் கிணறு என்றால் புக்கிட் சீனாக் குன்றின் அடிவாரத்துப் பழைய கிணறு. மார்ஷலின் அலுவலகம் தெய்வானை வீடு. யூசுப் வாப்பாவின் குடைக்கடை ஆயுதக் கிடங்கு. புக்கிட் பாரு சுரங்கம், செங் ரப்பர்க் காடு ராக்கெட் நிற்கும் திடல், கிளேபாங் கடற்கரை படகு இறங்கும் இடம். வாய்ச் சொல் போதாமல் போனபோது, பூகோளப் புத்தகத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து மலாக்காவை ஒற்றியெடுத்தேன். வடக்குக் குறியும் அளவுகோலும்கூடப் போட்டேன், ஆசிரியை அல்லவா. மூன்று வாரம் விடாமல் வந்தவர்களின் வீட்டை ஒரு சிறு கட்டமாக அதில் சேர்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. அதுதான் எங்கள் கூட்டத்தில் சேர்ந்ததற்கு அடையாளம். இருபத்துமூன்று கட்டங்கள் ஆகிவிட்டன.

அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதுவதும் உண்டு. கொள்ளையர் தலைவன் உத்தரவு போடுவதுபோல எழுதினால் சுவையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வரைபடத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் இப்படி எழுதினேன்: 'சனி ஏழரை. கிளேபாங் கரையில் மூன்று படகு. ஆள் பன்னிரண்டு. முதலில் கம்பியில்லாத் தந்தியை அறு. காவல் நிலையத்தில் உள்ள நம் ஆள் கதவைத் திறப்பான். பிறகு கிணறு.'

இதெல்லாம் எந்த நேரத்தில் என்றால், இந்தோனேசியாவோடு தகராறு முற்றி, கடலோரத்தில் அந்நியரைக் கண்டால் உடனே சொல்லுங்கள் என்று ரேடியோ தினம் மூன்று வேளை எச்சரித்துக்கொண்டிருந்த நேரத்தில்.

4

வீட்டில் ஒரே ஒரு நல்ல உறைதான் இருந்தது, கெட்டியான பழுப்புக் காகிதத்தில். மழைக்கும் ரவிக்கும் பயந்து வரைபடத்தை அதில் வைத்திருந்தேன். குடியுரிமை விண்ணப்பம் கொடுக்கப் போன செவ்வாய்க்கிழமை அம்மா அதே உறையில் என் பிறப்புச் சான்றிதழையும், கேம்பிரிட்ஜ் தேர்வுச் சான்றையும், புகைப்படங்களையும் அடுக்கிக் கையில் கொடுத்தாள். நான் எண்ணிப் பார்க்காமல் அலுவலக முகப்பில் நீட்டினேன். குமாஸ்தா ஒரு முத்திரை குத்தி உறையோடு கோப்பில் கட்டிவிட்டார்.

சனிக்கிழமை மாலை தெய்வானை வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கேட்டாள்: "பெத்தா மானா?" வரைபடம் எங்கே என்றுதான் கேட்டாள். செவ்வாய்க்கிழமை நீட்டிய உறைக்குள் என்று சொன்னேன்.

யூசுப்புக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. "என்னா மல்லிகா, எங்க வாப்பா கடைய ஆயுதக் கிடங்குன்னு எழுதினியே, அந்தத் தாளா?"

"அதேதான்."

"அங்க குடைக் கம்பியத் தவிர ஒரு ஆணி கெடையாது லா. வாப்பாவுக்குத் தெரிஞ்சா அந்தக் கம்பியாலயே எனக்குப் பூசை நடக்கும்."

தெய்வானை சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை போய்த் திருப்பிக் கேள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்ட படம் என்று சொல்."

போனேன். முகப்புக் குமாஸ்தா பேரேட்டைப் புரட்டினார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி பேரேட்டைப் பார்த்தார். "உங்கள் கோப்பு இங்கே இல்லை. மேலே போய்விட்டது." மேலே என்றால் எங்கே என்று கேட்காமலே படியிறங்கினேன்.

மற்றவர்களுக்கு நேர்காணலுக்கு அழைப்பு வர மாதக்கணக்காகும். எனக்கு ஒன்பதாம் நாள் வந்தது. அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள், பிள்ளையின் படிப்பைப் பார்த்துச் சீக்கிரம் கூப்பிட்டார்கள் என்று. அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். பிறகு, "இத்தன வருஷத்துல ஒரு போலீஸ்காரன்கூட என்கிட்ட பேரு கேட்டதில்ல," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அந்த வாரத்தில்தான், தெற்கே எங்கேயோ கரையில் ஆட்கள் இறங்கினார்களாம் என்ற பேச்சு மீன் சந்தையில் கிளம்பியது. பள்ளிக்குப் போகிற பாலத்தில் இராணுவ லாரி நின்றது. சைக்கிள் கூடையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். கூடையில் இருந்ததோ நாற்பது பிள்ளைகளின் கட்டுரை நோட்டு. ஒரு சிப்பாய் மேலேயிருந்த நோட்டைப் பிரித்து, படிக்கத் தெரியாத எழுத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். பாலம் முடியும்வரை சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனேன்.

5

நேர்காணல் அறையில் இருவர். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட மலாய் அதிகாரி. சன்னலோரம் சாம்பல் நிறச் சட்டையில் ஒருவர், நம்மவர். தன் பெயரையோ உத்தியோகத்தையோ அவர் சொல்லவில்லை. மேசை நடுவில் என் வரைபடம் விரித்துக் கிடந்தது, பறக்காமல் இருக்க மூலையில் மைக்கூட்டோடு.

சாம்பல் சட்டைக்காரர் அதைக் கையில் எடுத்தார். தமிழை எழுத்துக் கூட்டாமல் படித்தார். "'ஆள் பன்னிரண்டு. முதலில் கம்பியில்லாத் தந்தியை அறு.' உங்க கையெழுத்துத்தானே, மிஸ்?"

"ஆமாங்க."

"'காவல் நிலையத்தில் உள்ள நம் ஆள்.' நம்ம ஆளுன்னா யாரு?"

"துணை மார்ஷல்ங்க."

"எந்த ஸ்டேஷன்?"

"இந்தக் கோள்ல இல்லீங்க."

அவர் முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை. அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார். இனி மலாயில் பேசுங்கள் என்றார். மொழித் தேர்வும் இதுதான், தனியாக இன்னொன்று வைக்கப்போவதில்லை என்றார்.

ஆக, என் எதிர்காலத்துக்காக நான் மலாயில் சொல்ல வேண்டியிருந்தது இதை: மழை பெய்யாத கோள், நீராவி கக்கும் குதிரை, வானத்துப் படகு, ஒரே ஒரு கிணறு. வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டு போனது வேறு. என் பெயர் இது, என் தொழில் இது, நாட்டின் மாநிலங்கள் இவை. அது எதுவும் கைகொடுக்கவில்லை. அஞ்சடிப் பாதையில் தெய்வானை எப்படிச் சொல்வாளோ அப்படியே சொல்லத் தொடங்கினேன், கையை ஆட்டி, குதிரை மூச்சுக்குச் சத்தம் போட்டு. பாதியில் பயம் மறந்துபோய், துணை மார்ஷல்மீது எனக்கு ஏன் சந்தேகம் என்றுகூட விளக்கினேன். நான்காம் வாரத்தில் கிணற்றுச் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மலாயை எங்கே கற்றீர்கள்? பள்ளிக்கூட மலாய் இல்லையே."

"காஜா பெராங்கில்."

சாம்பல் சட்டைக்காரர் மட்டும் இன்னும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து மலாயிலேயே கேட்டார்: "ரூமா அவாக் மானா?"

உன் வீடு எங்கே என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். தெய்வானை வீடு இருந்தது. யூசுப் வீடு, கடை, எதிர்வரிசைத் தையற்காரர், மூலையிலிருக்கும் சீனப் பாட்டையாகூட இருந்தார். எங்கள் வீடு இல்லை. அது இல்லாதது அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது.

"மறந்துட்டேன்," என்றேன் தமிழில்.

அவரும் தமிழுக்கு வந்தார். "இருபத்துமூணு வீடு ஞாபகம் இருக்கு. சொந்த வீடு மறந்து போச்சா?"

அது அவர் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்று எனக்குப் புரிந்தது. ஊரையே குறித்துவிட்டுத் தன் வீட்டை மட்டும் விட்டுவைப்பவள் யாராக இருப்பாள்? உண்மையான பதில் இதுதான். வீடு என்று நினைத்தால் என் கை பாலக்கரைக்குப் போயிருக்கும், அது அந்தத் தாளில் அடங்காது. ஆனால் சன்னலோரம் நிற்கும் ஒருவரிடம், அதுவும் குடியுரிமை கேட்க வந்த இடத்தில், அதைச் சொன்னால் என்ன ஆகும்?

அவர் வரைபடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சனிக்கிழமை ஏழரை மணிதானே?" என்றார்.

6

சனிக்கிழமை அவர் ஏழேகாலுக்கே வந்துவிட்டார். தெருவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது, சன்னலில் ஒருவர்கூட இல்லை. கூடத்தில் தெய்வானை, அவள் அம்மா, யூசுப், நான், அவர். தெய்வானையின் அம்மா அவரைச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினார். வலது காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஒரு ஓட்டை இருந்தது. யாரும் அதைப் பார்க்காததுபோல இருந்தோம்.

தெய்வானை பெட்டியின் மேல் போர்த்தியிருந்த பூவேலைத் துணியை எடுத்தாள். ஏழரை ஆனது. தொடர் வரவில்லை. ஓர் அமைச்சர் வந்தார். பேசினார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். யூசுப் என் காதருகே, "இன்னைக்குத் தொடர் இல்லேன்னா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லேன்னு எழுதிக்குவாரோ?" என்றான். நான் அவனைக் கிள்ளினேன். சாம்பல் சட்டைக்காரர் வரைபடத்தை முழங்காலில் விரித்துவைத்துக்கொண்டு அமைச்சரையே பார்த்திருந்தார். வெளியே மழை தொடங்கியது. படத்தில் புள்ளி புள்ளியாகப் பூச்சி பறந்தது. தெய்வானை எழுந்து பெட்டியின் மேல் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்தால் படம் போய்விடும், அதனால் அப்படியே நின்றாள்.

பன்னிரண்டு நிமிடம் தாமதமாக இரும்புக் குதிரை மூச்சுவிட்டது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் என் ஊகம் ஒவ்வொன்றாகப் பொய்த்தது. படகுகள் கரையில் இறங்கவில்லை. வறண்ட ஆற்றின் வழியே வந்தன. ஆள் பன்னிரண்டு அல்ல, ஐந்து. துணை மார்ஷல் கதவைத் திறக்கவில்லை, கதவைக் காத்து நின்று அடிபட்டு விழுந்தான். சாம்பல் சட்டைக்காரரின் பென்சில் வரைபடத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கோடும் என் மேல் விழுகிற மாதிரி இருந்தது. சொன்னது எல்லாமே தப்பு என்றால் நான் சொன்ன கதையை எப்படி நம்புவார்?

அடிபட்டவனுக்குக் கட்டுப்போட ஊர் டாக்டர் வந்தார். அப்போது சாம்பல் சட்டைக்காரர் முன்னால் சாய்ந்தார்.

"டாக்டர் கையப் பாருங்க," என்றார், யாரிடம் என்றில்லாமல். "கட்டுப் போடறான், தோல் கையுறையக் கழட்டல. நம்ம ஊர்ல எந்த டாக்டர் அப்படிச் செய்வான்? இவன்தான் அந்த 'நம்ம ஆளு'."

"இல்லீங்க, டாக்டர் நல்லவர்," என்றான் யூசுப், பயத்தை மறந்து. "மூணாவது வாரம் புள்ளையக் காப்பாத்தினாரே."

"காப்பாத்தினா? அதுதான் முதல் தந்திரம்."

"நீங்க மூணாவது வாரம் பாக்கலீங்களே."

"பேசாதீங்க," என்றார் தெய்வானையின் அம்மா மலாயில், இருவரையும் சேர்த்து.

முடிந்ததும் அவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டார். வரைபடத்தில் ஆற்றின் நெடுக ஒரு பென்சில் கோடு, கரையோரம் ஓர் அடித்தல், 'நம் ஆள்' என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில் 'டாக்டர்' என்று தமிழில். அதை மடித்துப் பையில் வைத்தார். நான் கை நீட்டினேன் போலிருக்கிறது.

"இது கோப்புல போட்டது, மிஸ். திரும்ப வராது," என்றார். படியிறங்கியவர் நின்று, "இன்னொண்ணு போட்டா, கிளேபாங்க விட்டுடுங்க. அங்க நெசமாவே ஆள் நிக்குது," என்றார். என் விஷயம் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை வந்தார். கோப்பை முடிக்க வேண்டும் என்றார். மூன்றாவது வாரம் முதல் வரவில்லை. அது நல்லதா கெட்டதா என்று நாங்கள் பேசாத நாளில்லை. அவர் வராமல் இன்றோடு ஆறு வாரம். இன்று தொடரின் கடைசிப் பகுதி.

7

மணி ஆறேகால். அப்பா நான்கு மணிக்கு வந்தார். கையைக் கழுவி, கிளினிக் பையிலிருந்து சிறு கத்தரியை எடுத்து, தையல் பிரிப்பதுபோல உறையின் ஓரத்தை வெட்டினார். இரண்டு தாள். முதல் தாளில் மலாயில் ஆறு வரி. அப்பா படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் தாளில், எந்த நாளில் வந்து உறுதிமொழி எடுக்க வேண்டும், எந்த நாளில் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. ஒப்படைப்பது என்ற சொல்லை அம்மா இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள், பாயசத்துக்குப் பால் இருக்கிறதா பார்க்க என்று. வெகு நேரம் வரவில்லை.

உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். வரைபடம் இல்லை. எங்கோ ஓர் அரசாங்க அலமாரியில், என் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துக் கட்டி, மழை பெய்யாத மலாக்கா ஒன்று இருக்கிறது. அதில் நாங்கள் குடியிருக்கவில்லை.

சன்னலில் தெய்வானை வந்து நின்றாள். செய்தியைச் சொன்னேன். கம்பிக்குள் கையை விட்டு என் காதைப் பிடித்துத் திருகினாள், அதுதான் அவள் வாழ்த்து. பிறகு கேட்டாள்: "பெத்தா மானா?"

"கோப்பில்."

"அப்படியானால் இன்னொன்று போடு. கடைசி வாரம், வரைபடம் இல்லாமல் யாருக்குப் புரியும்? ஏழரைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது."

பூகோளப் புத்தகத்தைத் தேடினேன், ரவி எங்கோ கொண்டுபோய்விட்டான். பரவாயில்லை, ஒற்றியெடுக்காமலே வரைய வருகிறது. இந்தக் குறிப்பின் அடுத்த தாளைக் கிழித்து மேசையில் வைத்தேன். கடற்கரையிலிருந்து தொடங்கவில்லை, கிணற்றிலிருந்தும் தொடங்கவில்லை. நடுவில் ஒரு சிறு கட்டம் போட்டு, எங்கள் வீட்டு எண்ணை எழுதினேன். அதிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளித் தெய்வானை வீடு. அதை வரைந்துகொண்டிருக்கும்போதுதான் யூசுப் தெருவிலிருந்து குரல் கொடுத்தான், சாம்பல் சட்டைக்காரர் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறாராம்.